வயிற்றைச் சுருக்கிக்கொண்டவன் எப்போது மலையேறலாம்?

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக நான் எழுதும் இந்தப் பக்கங்களில் கம்பி இழுப்பது, கம்பம் நடுவது பற்றியெல்லாம் ஒன்றும் இருக்காது. அதைச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள், என்னைவிட நன்றாகவே சொல்லித்தருவார்கள். நான் சொல்ல வந்தது வேறு. ஆபரேஷன் செய்துகொண்டு வீட்டில் கிடந்த ஒருவன் எந்த நாளில் வேலைக்குத் திரும்பலாம் என்பதை எப்படி முடிவு செய்யக் கூடாது என்று சொல்லப்போகிறேன். நான் முடிவு செய்த லட்சணத்தில் ஏழுமலை என்ற வயர்மேன் செத்திருப்பான்.

நான் சந்தேகப் பேர்வழி. கள்ளக்குறிச்சிப் பக்கம் என்னோடு வேலை பார்த்தவர்கள் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள். கடைக்காரன் சிரித்தால் பழைய சரக்கைத் தள்ளப் பார்க்கிறான் என்று நினைப்பேன். அதிகாரி தோளில் கை போட்டால் ஞாயிற்றுக்கிழமை டியூட்டி வரப்போகிறது என்று நினைப்பேன். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். கம்பத்தில் ஏறுகிற தொழிலில் இது குறையும் இல்லை. கம்பியில் கரண்ட் இல்லை என்று எவன் சொன்னாலும், தப்பி வருகிற கரண்டைத் தரைக்குள் இறக்கிவிடும் எர்த் ராடை மாட்டாமல் நான் கை வைத்ததில்லை, என் ஆட்களையும் வைக்க விட்டதில்லை. போர்மேனாக இருந்த அத்தனை வருஷத்திலும் என் பிரிவில் ஒரு ஆளுக்கும் அடிபடவில்லை என்றால் அதற்கு இந்தப் புத்திதான் காரணம்.

இப்படி எல்லோரையும் சந்தேகப்பட்டவன் ஒரே ஒரு ஆளை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினேன். அது நான்தான்.

அப்போது என் எடை நூற்றிருபத்தெட்டு கிலோ. ஜீப்பில் ஏறினால் டிரைவர் பக்கம் மேலே தூக்கும். பசங்க என் முதுகுக்குப் பின்னால் எனக்கு 'டிரான்ஸ்பார்மர்' என்று பெயர் வைத்திருந்ததும் தெரியும். சர்க்கரை ஏறிவிட்டது, முட்டி போய்விட்டது, படுத்தால் மூச்சு நின்று நின்று வந்தது. கல்வராயன் மலையில் கம்பி அறுந்தால், ரோட்டிலிருந்து காட்டுக்குள் நடக்க முடியாமல் ஜீப்பிலேயே உட்கார்ந்துகொண்டு ஆட்களை அனுப்பினேன். கண்ணால் பார்க்காமல் வேலை வாங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்ந்து, இரைப்பையைச் சின்னதாக்கிக் குடலோடு இணைக்கும் ஆபரேஷனைச் செய்துகொண்டேன்.

இதை என் மனைவி கமலாவைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. பிரிவில் ஹெர்னியா ஆபரேஷன் என்று சொல்லிவைத்தேன். வாயைக் கட்டத் துப்பில்லாதவன் வயிற்றை வெட்டிக்கொண்டான் என்று சிரிப்பார்கள் என்ற பயம். கௌரவம் என்று அப்போது அதற்குப் பெயர் வைத்திருந்தேன், உண்மையில் வெட்கம்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு எல்லாம் ஸ்பூன் கணக்குதான். தண்ணீரைக்கூட மடக்கென்று குடிக்கக் கூடாது. தெளிந்த ரசம், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், நீர்மோர். இனிப்பு ஆகவே ஆகாது, அது புது வழியில் நேராகக் குடலுக்குள் இறங்கினால் ஆளையே கவிழ்த்துவிடும் என்று டாக்டர் இரண்டு முறை சொல்லி அனுப்பியிருந்தார். இரண்டு முறை சொன்னதால் எனக்கு அவர் மேல் சந்தேகம் வந்தது. பயமுறுத்தித் திரும்பத் திரும்ப வரவழைக்கப் பார்க்கிறாரோ என்று நினைத்தேன்.

படுத்திருந்த நாட்களில் சந்தேகத்துக்கு வேறு வேலை இல்லை. எனக்குப் பதிலாகப் பக்கத்துப் பிரிவிலிருந்து சேகர் என்ற போர்மேனைப் போட்டிருந்தார்கள். அவன் ஒருநாள் போன் செய்தான்.

"அண்ணே, இங்க ஒண்ணும் அவசரமில்ல. நல்லா ரெஸ்ட் எடுத்துக்கினு பொறுமையா வாங்க."

எதற்கு இவ்வளவு பொறுமை? அவன் ஊர் களமருதூர். அங்கிருந்து தினமும் பைக்கில் வந்து போகிறவன், எனக்கு ஓய்வு வேண்டும் என்று ஏன் கவலைப்பட வேண்டும்? என் நாற்காலி அவனுக்குப் பிடித்துவிட்டது என்று முடிவு கட்டினேன்.

அடுத்த வாரம் ஏழுமலை வீட்டுக்கு வந்தான். என்னிடம் பத்து வருஷமாக வேலை பார்ப்பவன், கருணாபுரத்துக்காரன். கம்பத்தின் மேல் அணில் மாதிரி இருப்பான், தரையில் இருந்தால் வாயே திறக்க மாட்டான். ஆரஞ்சுப் பையை வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஹெர்னியாவுக்கு இம்மாம் எளைப்பாங்களா சார்?"

"பத்தியம்டா."

"அதுக்கில்ல சார். ஆபீஸ்ல ஆளுக்கு ஒண்ணு சொல்லிக்கினு இருக்காங்க. உங்களுக்குப் பெரிய வியாதின்றான் ஒருத்தன்."

அவன் போனதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. லீவு நீள நீளப் பேச்சும் நீளும். நாற்காலியும் போகும், பெயரும் போகும். வேலைக்குப் போய் எல்லோர் கண்ணிலும் பட்டால்தான் வாய்கள் அடங்கும் என்று தோன்றியது. எப்போது திரும்புவது என்ற கேள்வியை நான் முடிவு செய்தது இப்படித்தான். உடம்பைக் கேட்கவில்லை. ஊரார் வாயைக் கேட்டேன்.

மூன்றாவது வாரம் டாக்டரிடம் போனபோது அவர் நேராகத்தான் கேட்டார். "என்ன வேலை பார்க்கிறீர்கள்?"

"மேற்பார்வைங்க. ஏறுறது, தூக்குறது எல்லாம் பசங்க. நான் நின்னு பேசுறதோட சரி."

இதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. அதனால்தான் அது பெரிய பொய். மின்சாரம் என்ற சொல்லையே நான் எடுக்கவில்லை. பாரம் தூக்காத வேலை என்றால் பார்த்துப் போகலாம் என்று அவர் எழுதிக் கொடுத்தார். வெளியே வந்ததும் கமலா கேட்டாள்.

"கம்பத்து வேலைன்னு ஏன் சொல்லல?"

"நான் இன்னா கம்பத்துலயா ஏறப்போறேன்?"

"ஏறுறவன் உங்க வாயத்தானே பாத்துக்கினு இருக்கான்" என்றாள். வாயாடி என்று நினைத்துக்கொண்டு ஆட்டோவைக் கூப்பிட்டேன்.

ஆபரேஷனான பத்தொன்பதாம் நாள் வேலையில் சேர்ந்தேன். முந்தின நாள் அடித்த காற்றில் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு பலா மரம் லைன் மேல் சாய்ந்து, சில ஊர்களில் கரண்ட் இல்லை. சேகர் ஜீப்புக்குப் பக்கத்தில் தயாராக நின்றான்.

"நான் போயிட்டு வரண்ணே. நீங்க இன்னிக்கி ஆபீஸ்ல குந்துங்க."

உடனே முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். ஏழுமலை, கண்ணன், சுரேஷ் மூன்று பேரும் பின்னால் ஏறினார்கள். கமலா கொடுத்தனுப்பிய நீர்மோர் பிளாஸ்கைச் சீட்டுக்கு அடியில் தள்ளினேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறி இறங்கி ஊர் போய்ச் சேரும்வரை அதை வெளியே எடுக்கவே இல்லை. ஸ்பூனால் மோர் குடிக்கும் போர்மேனை அவர்கள் பார்த்துவிடக் கூடாது என்று பிடிவாதம்.

எல்.சி., அதாவது லைன் கிளியர், வாங்குவது உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் நாங்கள் எப்படிச் செய்வோம் என்று சொல்லிவிடுகிறேன். போர்மேன் போன் செய்து, யார் யார் ஏறுகிறார்கள் என்று பெயர் சொல்லுவான். அடிவாரத்து சப்ஸ்டேஷனில் ஆபரேட்டர் லைனை நிறுத்தி, அந்தப் பெயர்களை எழுதி வைத்துக்கொள்வார். வேலை முடிந்ததும் வாங்கியவனே தன் வாயால் எல்.சி.யைத் திருப்பிக் கொடுத்தால்தான் லைனில் திரும்பக் கரண்ட் விடுவார்கள், அதாவது சார்ஜ் பண்ணுவார்கள். நடுவில் வேறு யாரும் கிடையாது.

அன்று ஆபரேட்டர் சுமதி. வந்து ஆறு மாதம்கூட ஆகாத பெண். எதையும் இரண்டு தடவை கேட்பாள், எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டுவாள். என்னையே நம்பாதவள் என்று எனக்கு அவள் மேல் கடுப்பு. எல்லோரையும் சந்தேகப்படுகிறவனுக்குத் தன்னை ஒருத்தர் சந்தேகப்பட்டால் பொறுக்காது.

அந்த இடத்தில் போனுக்கு டவர் கிடையாது. லைனுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பாறை மேட்டில் ஏறினால்தான் கிடைக்கும். ஏறி, மூன்று பெயரும் சொல்லி எல்.சி. வாங்கினேன். எர்த் ராடு மாட்டினோம். மரத்தை அறுத்துத் தள்ளவே மதியம் தாண்டிவிட்டது. அப்போது பக்கத்து வீட்டு அம்மா பெரிய தூக்கில் டீ கொண்டுவந்தார். கரண்ட் கொண்டுவருகிறவர்களுக்கு மலையில் நடக்கும் உபசாரம் அது. ஆளின் அந்தஸ்துக்குத் தகுந்தபடி சர்க்கரை விழும். போர்மேன் டம்ளரில் அடியில் கரையாமல் நிற்கும் அளவுக்குப் போடுவார்கள். இன்னொன்றும் உண்டு. போர்மேன் வாய் வைக்காமல் ஆட்கள் யாரும் குடிக்க மாட்டார்கள்.

டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். ஏழுமலையின் பார்வை என் டம்ளரிலிருந்து நகரவே இல்லை.

"இன்னா சார், குடிக்கலியா?" என்றார் அந்த அம்மா. "வூட்டுப் பாலு சார்."

குடித்தேன். ஒரே மூச்சில், முழு டம்ளரும்.

பிறகு கண்ணனையும் சுரேஷையும் அறுந்த கம்பியைச் சேர்க்கச் சொன்னேன். வளைவுக்கு அப்பால் ஒரு கம்பத்தில் கம்பியைத் தாங்கும் பீங்கான் விரிசல் விட்டிருந்ததைக் காலையிலேயே பார்த்திருந்தேன். அதை மாற்ற ஏழுமலையை அனுப்பினேன். நானேதான் அனுப்பினேன், வேறு யாரும் இல்லை.

கால் மணி நேரம் இருக்கும். முதலில் வயிறு முறுக்கியது. அப்புறம் நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டது. கழுத்திலிருந்து வியர்வை ஊற்றியது. கண்ணுக்கு முன்னால் எல்லாம் இருந்தது, எதுவும் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இல்லை. உடம்பு கெட்டுப்போனது எனக்குத் தெரிந்தது. புத்தி கெட்டுப்போனது தெரியவில்லை. எங்காவது போய்ப் படுத்துவிட வேண்டும் என்ற ஒரே நினைப்புதான் ஓடியது.

கண்ணன் இறங்கி வந்து, "முடிச்சிட்டோம் சார்" என்றான்.

எர்த் ராடைக் கழற்றச் சொன்னேன். இருவரும் ஒரு கணம் தயங்கினார்கள். நான் முறைத்ததும் கழற்றினார்கள். பிற்பாடு கேட்டபோது கண்ணன் சொன்னான்: "நீங்க சொல்றீங்கன்னா பாக்காம சொல்ல மாட்டீங்கன்னு நெனச்சோம் சார்." இத்தனை வருஷம் எல்லோரையும் சந்தேகப்பட்டு நான் சம்பாதித்த நல்ல பெயர் அன்றைக்கு ஏழுமலையின் கழுத்துக்குத்தான் கத்தியானது.

பாறை மேட்டில் எப்படி ஏறினேன் என்று தெரியாது. போன் செய்தேன்.

"எல்.சி. ரிட்டர்ன்மா. எல்லாரும் எறங்கியாச்சி. சார்ஜ் பண்ணு."

"எத்தினி பேருங்க சார்?"

"எல்லாரும்தான். பண்ணு, பண்ணு."

"பேரு சொல்லுங்க சார்."

"காலையில எழுதிக்கினியே, அத படிச்சிக்க."

"நீங்க சொல்லணும் சார்."

எனக்குத் தலைக்கேறியது. "இன்னாமா, என்னையே சந்தேகப்படுறியா?"

அவள் மெதுவாக, ஆனால் ஒரு எழுத்துக்கூடக் குழையாமல் சொன்னாள்.

"ஆமா சார். உங்க கொரலு சரியில்ல. ஏழுமலை அண்ணங்கிட்ட போனைக் குடுங்க. அவுரு பேசட்டும், அப்பால பண்றேன்."

இவளுக்குப் பாடம் கற்பிக்கிறேன் என்று, ஏழுமலையைக் கூப்பிடத் திரும்பினேன். கீழே ஜீப்புக்குப் பக்கத்தில் டிரைவரைத் தவிர இரண்டு பேர்தான் நின்றார்கள். அந்த இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன். யார் இல்லை என்று தெரிந்தது. எங்கே போனான் என்று தெரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"சார்ஜ் பண்ணாத" என்றேன். சத்தம் வந்ததா என்று தெரியவில்லை. மறுபடி சொன்னேன்.

"பண்ணலை சார். பண்ண மாட்டேன். நீங்க அங்கியே குந்துங்க" என்றாள் சுமதி.

உட்கார்ந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டேன். கண்ணன் ஓடிப்போய் ஏழுமலையைக் கம்பத்திலிருந்து இறக்கிக் கூட்டிவந்தான். நடந்ததை வழியிலேயே சொல்லியிருக்கிறான். ஏழுமலை வந்து மண்டியிட்டு, என் முகத்தருகே குனிந்து என் வாயை மோந்து பார்த்தான். அவன் ஊரில் கள்ளச்சாராயச் சாவுகள் நடந்த பிறகு, வியர்த்து விறுவிறுத்துத் தள்ளாடுகிற ஆம்பிளையைப் பார்த்தால் அவனுக்கு வேறென்ன தோன்றும்? அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவமானம்தான் வந்தது, அழுகையும் வந்தது. பாறையில் படுத்தபடியே ஆபரேஷனைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

முழுதும் கேட்டுவிட்டு அவன் சொன்னது ஒன்றுதான். "மின்னாடியே சொல்லியிருந்தா அந்த டீய நான் வாங்கிக் குடிச்சிருப்பனே சார்."

எவ்வளவு சின்ன விஷயம் பாருங்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், முதல் வாயை நான் வைத்ததாகப் பாவனை செய்துவிட்டு டம்ளரை அவனிடம் கொடுத்திருக்கலாம். யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். சிரித்திருந்தாலும்தான் என்ன?

மேலதிகாரியிடம் நடந்ததை மறைக்காமல் எழுதிக் கொடுத்துவிட்டு மறுபடி லீவில் போனேன். டாக்டரிடம் இந்தத் தடவை உண்மையைச் சொன்னேன்: என் வாயிலிருந்து ஒரு தப்பான சொல் வந்தால் மேலே இருக்கிறவன் கருகிவிடுவான், அதுதான் என் வேலை என்று. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "இதை முதலில் சொல்லியிருந்தால் என் கணக்கே வேறு" என்றார். தையல் ஆறியதா என்று அவர் பார்ப்பார். வழக்கமான சாப்பாட்டுக்கு வந்தபின், ஒரு முழு நாள் வெயிலில் நடந்து, வேளைக்குக் கொஞ்சம் சாப்பிட்டு, மயக்கமோ படபடப்போ இல்லாமல் சாயங்காலம் தெளிவாகப் பேச முடிகிறதா என்று வீட்டில் பார்க்க வேண்டும். அதையும் நான் சொல்லக் கூடாது, கமலாதான் சொல்ல வேண்டும் என்றார்.

கமலா அந்த அதிகாரத்தை விட்டாளா? தினமும் சாயங்காலம் எதிரில் உட்காரவைத்து, அன்று தெருவில் யாரைப் பார்த்தேன், யார் என்ன சொன்னார்கள் என்று வரிசையாக ஒப்பிக்கச் சொன்னாள். இரண்டு தடவை தடுமாறியதற்கு இரண்டு வாரம் நீட்டித்தாள். இரண்டரை மாதத்துக்குக் கொஞ்சம் மேலே ஆயிற்று. உங்களுக்கும் அவ்வளவு நாள்தான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் உடம்பு வேறு, உங்கள் வேலையும் வேறாக இருக்கலாம். வேலை இன்னது என்று டாக்டரிடம் மறைக்காதீர்கள், உடம்பு இன்னது என்று கூட வேலை செய்பவனிடம் மறைக்காதீர்கள். நான் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான்.

சேகரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அவனுக்கு மலை ரோட்டு வளைவில் வாந்தி வரும். தன்னைத் திரும்ப அனுப்பச் சொல்லி மூன்று முறை எழுதிக் கேட்டுக்கொண்டிருந்தானாம். அதை என்னிடம் சொன்னால் நான் அவசரப்பட்டு வந்துவிடுவேன் என்றுதான் போனில் அப்படிப் பேசினானாம். நான் திரும்பிய அன்று என்னைவிட அவன்தான் சந்தோஷமாக இருந்தான்.

திரும்பி வந்து முதல் வேலை மலையில் இல்லை, ரிஷிவந்தியம் போகும் ரோட்டில் ஒரு கரும்புக் காட்டு ஓரம். தேய்ந்துபோன கம்பி, சாதாரண வேலை. நான் சுமதியிடம் பேசி, ஏழுமலை, கண்ணன் என்று பெயர் சொல்லி, அவள் படித்துக் காட்டியதைக் கேட்டு எல்.சி. வாங்கினேன்.

"லைன் ஆஃப். ஏறுடா" என்றேன்.

பத்து வருஷமாக அந்தச் சொல்லைக் கேட்டால் அடுத்த கணம் ராடைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவன் ஏழுமலை. அன்று பெல்ட்டைக் கையில் பிடித்தபடி நின்றான். தரையைப் பார்த்துக்கொண்டு, "சார், தப்பா நெனச்சிக்காதீங்க. போனைக் கொஞ்சம் குடுங்க" என்றான்.

கொடுத்தேன். நான்கு அடி தள்ளிப் போய் நின்று, "லைன் ஆஃப்தானேம்மா? என் பேரு எழுதிக்கினியா?" என்று தானே கேட்டான். பதிலைக் கேட்டுக்கொண்டு போனை என்னிடம் திருப்பித் தந்தான். எர்த் ராடை மாட்டினான், ஏறினான். எனக்கு ஆபரேஷன் தையல்கூட அப்படி வலிக்கவில்லை. வயிற்றின் காயம் எப்போதோ ஆறிவிட்டிருந்தது. அவன் செய்ததில் ஒரு தப்பும் சொல்ல முடியாது என்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

அதன் பிறகு ஓய்வு பெறும்வரை எனக்கு ஒரு வருஷ சர்வீஸ் இருந்தது. அந்த ஒரு வருஷத்தில் ஏழுமலை என் வார்த்தையை மட்டும் நம்பி ஒரு கம்பத்திலும் ஏறவில்லை. என்னிடம் மரியாதை குறையவில்லை, வீட்டு விசேஷம் எதுவானாலும் வந்து நிற்பான். ஆனால் ஏறுவதற்கு முன் அவனே ஒரு தடவை கேட்பான். கொஞ்ச நாளில் நானும் பழகிக்கொண்டேன். எல்.சி. வாங்கியதும், அவன் வாய் திறந்து கேட்க வேண்டிய சங்கடம் இல்லாமல், போனை அவன் பக்கம் நீட்டிவிடுவேன்.